அந்தரத்தில் ஒரு மணல் மூட்டை

"ஹலோ... ஹலோ அண்ணி? நான்தான்... ஆமா, நானேதான்... இல்ல இல்ல, ஒண்ணும் ஆகல, சும்மாதான் கூப்பிட்டேன்... ஏன், சும்மா கூப்பிடக் கூடாதா?"

பொடிசு சும்மா கூப்பிடவில்லை. நாடக அரங்கின் கட்டுப்பாட்டு அறையில், கண்ணாடி ஜன்னலில் நெற்றியை அழுத்திக்கொண்டு நின்றபடி கூப்பிட்டாள். ஜன்னலுக்கு அப்பால், மேடைக்கு மேலே, இரண்டு ஆள் உயரத்தில், வெள்ளை விண்வெளி உடையும் உருண்டைத் தலைக்கவசமும் மாட்டிக்கொண்டு அவளுடைய அண்ணன் தொங்கிக்கொண்டிருந்தான். முதுகில் ஒரு கம்பிக் கயிறு. கீழே, அட்டையும் பலகையும் சேர்த்து அடித்த மேடு பள்ளமான நிலா. இன்னும் சற்று நேரத்தில் வாசல் கதவைத் திறந்து ஜனங்களை உள்ளே விட்டுவிடுவார்கள். அண்ணனோ மேலேயும் போகவில்லை, கீழேயும் வரவில்லை.

போனில் இருந்தது அவனுடைய மனைவி.

சென்ற வருடம் அவனுக்கு முதுகெலும்பில் தட்டு விலகி, மருத்துவர் கண்டித்து, மூன்று வாரம் படுக்கையில் கிடந்து எழுந்தபோது, "இனிமேல் பறக்கும் காட்சியில் எனக்குப் பதிலாள்தான் தொங்குவான்" என்று மனைவியிடம் சத்தியம் செய்திருந்தான். ஆக, பொடிசுக்கு இப்போது இரண்டு வேலை. அண்ணனைப் பத்திரமாகக் கீழே இறக்க வேண்டும். அவன் தொங்கிய விஷயம் அண்ணிக்குத் தெரியக் கூடாது. முதல் வேலைக்கு உதவக்கூடிய ஒரே ஆள், அண்ணி.

"ஒரு சின்ன சந்தேகம் அண்ணி. நம்ம தூக்கு மெஷின் இருக்குல்ல... ஆமா, ஆமா, மேடைக்கு மேல ஆளைத் தூக்கற மெஷின்தான். அது கொஞ்சம் நின்னுடுச்சு... நின்னுடுச்சுன்னா நின்னுடுச்சு. ஸ்க்ரீன்ல ஒரு வரி நகரல... எந்த ஸ்க்ரீனா?... அது... லேப்டாப் ஸ்க்ரீன்தான்..."

போனைக் காதிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பிடித்தாள். அப்படியும் கேட்டது.

விஷயம் இதுதான். அந்தத் தூக்கு இயந்திரம் ஒரு பழைய கணினி சொல்வதைத்தான் கேட்கும். அந்தக் கணினியோடு பேச டெர்மினல் வேண்டும். ஒரு திரை, ஒரு கீபோர்டு, சொந்தமாக மூளை கிடையாது. சென்ற மாதம் வரை இந்த அறையில், பச்சை எழுத்து மினுக்கும் பெரிய டெர்மினல் பெட்டி ஒன்று உட்கார்ந்திருந்தது. பழைய டெர்மினல்களைப் பழுது பார்ப்பதுதான் அண்ணியின் தொழில். அந்தப் பெட்டியைப் பெற்ற பிள்ளை போலப் பார்த்துக்கொண்டாள். அரங்கின் இயந்திரங்களுக்கெல்லாம் பொறுப்பாளரான பொடிசு (முப்பத்தைந்து வயது, வீட்டில் மட்டும் இன்னும் பொடிசு) அந்தப் பெட்டியைக் கழற்றி அனுப்பிவிட்டு, டெர்மினல் போலவே நடிக்கும் ஒரு மென்பொருளை லேப்டாப்பில் போட்டுக் கொண்டுவந்து வைத்தாள். அன்று முதல் இரண்டு பேருக்கும் நடுவில் பேச்சு கொஞ்சம் உப்புக் குறைவுதான்.

"சரி... சரி... ஆமா, சொன்னீங்க. 'ஒரு நாள் என்கிட்டதான் வந்து நிப்பே'ன்னு சொன்னீங்க. இதோ நிக்கறேன்... உண்மையிலேயே நின்னுட்டுதான் பேசறேன் அண்ணி, உக்காரக்கூட இல்ல."

"......"

"உங்க பெட்டி நல்ல பெட்டிதான். யாரு இல்லேன்னா? ஆனா தூக்க ரெண்டு ஆள் வேணும். போட்டா அடுப்பு மாதிரி சூடு. அரங்கத்துப் பூனை அது மேலதான் குடித்தனமே நடத்துச்சு... விசில் சத்தமா? ஆமா, விசில்! காதுக்குள்ள கொசு பூந்த மாதிரி 'ஙீ'ன்னு... உங்களுக்குக் கேக்காது, உங்க காது அதுக்குப் பழகிப்போச்சு... கீபோர்டா? சரி. கீபோர்டுக்கு நான் தலை வணங்கறேன். அந்த டக்கு டக்கு இதுல வராது. இதை அமுக்கினா ஊறின ரொட்டியை அமுக்கற மாதிரிதான் இருக்கு. ஆனா அண்ணி, என்னுதுல எழுத்தைப் பெருசு பண்ணலாம். மேல போன வரியை உருட்டித் திரும்பப் பாக்கலாம். உங்க பெட்டியில போனது போனதுதான்... 'அப்பதான் கவனமா படிப்பாங்க'ளா? அதெல்லாம் ஒரு வசதின்னு சொல்றீங்களே!"

ஜன்னலுக்கு அப்பால் அண்ணன் இரண்டு கையையும் விரித்து 'என்ன ஆச்சு?' என்றான். பொடிசு உள்ளங்கையைக் காட்டி 'இரு' என்றாள். இருப்பதைத் தவிர அவனுக்கும் வேறு வழியில்லை.

"என்னது, வேஷக்கார ஸாஃப்ட்வேரா? யாரு சொல்றது பாருங்க! வேஷம் போடறவரையே ஆசைப்பட்டுக் கட்டிக்கிட்டவங்க, ஸாஃப்ட்வேர் வேஷம் போட்டா மட்டும் கோவிச்சுக்கறீங்க... சரி சரி, வாயை மூடிக்கறேன்... ஆமா, அவசரம்தான். கதவு திறக்கப் போறாங்க."

"......"

"என்ன பண்ணேன்னா... உயரத்தை டைப் பண்ணேன். சரியா மேல போச்சு. போய் நின்னதும்... வழக்கமா பண்ற மாதிரி சேவ் பண்ணேன்... எப்படின்னா? கன்ட்ரோல் எஸ்தான். கை தானா போயிடுச்சு. நாள் பூரா கணக்கு ஷீட்லயும் கடிதத்துலயும் அதைத்தானே அமுக்கறோம்... அண்ணி?... அண்ணி, அழறீங்களா?... ஓ. சிரிக்கறீங்க."

காத்திருந்தாள்.

"முடிச்சாச்சா?... இன்னும் இருக்கா? சிரிங்க, சிரிங்க, நான் லைன்லயே இருக்கேன்."

சிரிப்பு ஓய்ந்ததும் அண்ணி சொன்னதைக் கேட்கக் கேட்க, பொடிசின் வாய் மெதுவாகத் திறந்தது.

"சேவ் இல்லையா?... அந்தக் காலத்து மெஷினுக்கு அதுக்கு அர்த்தமே வேறயா?... 'கொஞ்சம் பேசாம இரு'ன்னு அர்த்தமா! அப்ப நான்தான் அதைப் பேசாதேன்னு சொல்லியிருக்கேன்... ம்... ம்... சொல்ல வந்த வரியைச் சொல்லி முடிக்காம அடுத்த வேலையைத் தொடாதா? ரோஷக்கார மெஷினா இருக்கே!... உங்க பெட்டியா இருந்தா 'நிறுத்தி வெச்சிருக்கு'ன்னு ஒரு லைட்டு எரிஞ்சிருக்குமா? கீபோர்டு ஓரத்துல?... சரி. ஒரு லைட்டு உங்களுக்கு. விட்டுக் கொடுத்துட்டேன். இப்ப எப்படிப் பேச வைக்கறது?... கன்ட்ரோல் க்யூ. அவ்வளவுதானா! இதுக்கா இவ்வளவு... இருங்க, அமுக்க—"

விரல் கீயில் பட்டது. அமுங்கவில்லை. போனுக்குள்ளிருந்து வந்த ஒரு அலறல் அதைப் பிடித்து நிறுத்தியது.

"ஐயோ, காது போச்சு அண்ணி!... அமுக்கல, அமுக்கல... என்ன?... கயிறுல என்ன தொங்குதா?"

பொடிசு ஜன்னலைப் பார்த்தாள். அண்ணன் காற்றில் மெல்ல ஆடிக்கொண்டிருந்தான்.

"மணல் மூட்டை."

"......"

"ஒத்திகைக்குத் தொங்க விட்டது... எடையா?... எழுபத்தி... எழுபத்தெட்டு கிலோ... ஆமா, கொஞ்சம் சதை போட்ட... இல்ல, கொஞ்சம் பெரிய மூட்டை."

தொங்கித் தொங்கி அலுத்துப்போன அண்ணன் அந்த நேரம் பார்த்து முதல் காட்சியின் வசனத்தை உரக்கச் சொல்லிப் பார்க்கத் தொடங்கினான். தலைக்கவசத்துக்குள்ளிருந்து வந்த குரல் அரங்கம் முழுக்க எதிரொலித்தது.

"அந்தச் சத்தமா? ரேடியோ... ரேடியோ நாடகம் அண்ணி. கீழ யாரோ போட்டிருக்காங்க... அண்ணன் குரல் மாதிரியா? உங்களுக்கு எப்பவும் அவர் நினைப்புதான், போங்க."

ஜன்னலைப் படபடவென்று தட்டி, வாயில் விரல் வைத்து, பிறகு போனைச் சுட்டிக்காட்டி, காற்றில் 'அண்ணி' என்று உதடசைத்தாள். வசனம் பாதியில் அறுந்தது. அந்தரத்தில் தொங்குகிற ஒருவன் ஒளிந்துகொள்ள முயன்று அவள் அதுவரை பார்த்ததில்லை. அண்ணன் முயன்றான். முகத்தைத் திருப்பிக்கொள்ளப் போய், கயிறு முறுக்கி, மெதுவாக ஒரு சுற்று சுற்றி, மறுபடி அவளுக்கு நேராகவே வந்து நின்றான்.

"ஆங்... சொல்லுங்க. இல்ல, கேக்குது... மெஷின் நின்ன பிறகா? நின்ன பிறகு இறக்கற கீயை அமுக்கினேன்... எத்தனை தடவைன்னா? அண்ணி, லிஃப்ட் வரலேன்னா பட்டனை எத்தனை தடவை அமுக்குவோம், எண்ணிட்டா இருப்போம்? அந்த மாதிரிதான்... ஒரு கீயா? ஒரே கீதான். பல தடவை. கோவத்துல ரெண்டு மூணு தடவை உள்ளங்கையால."

"......"



பதில் வந்தது. இந்த முறை அதில் சிரிப்பு இல்லை.

"திரையில ஒண்ணுமே வரலையே... காட்டாதுதான், ஆனா அனுப்பிடுமா?... அத்தனையும் உள்ள போயாச்சா?... மெஷின் வாசல்ல வரிசை கட்டி நிக்குதா! அப்ப க்யூ அமுக்கினா... ஒண்ணொண்ணா இல்லாம... ஒரே மூச்சுல..."

கீக்கு மேலே இன்னும் நின்றுகொண்டிருந்த தன் விரலைப் பார்த்தாள். அதை எடுத்து, மடக்கி, சட்டைப் பைக்குள் பத்திரமாகப் போட்டாள். அண்ணனுக்குக் கீழே நிலாவின் பலகை முனைகள் கூர்கூராக நின்றன.

ஆனால் அண்ணிக்கு அவசரம் புரிந்திருந்தது. வழியும் சட்டென்று கிடைத்துவிட்டது.

"என்னது?... விழட்டுமா?... இல்ல அண்ணி, எப்படி விழட்டும்னு விடறது?... மூட்டைதான், மூட்டைதான், ஆனா கிழிஞ்சிடுமே... கூட்டி அள்ளிக்கலாமா? அள்ள முடியாது அண்ணி... நிலா உடைஞ்சிடும்... நாலு ஆணி அடிச்சுக்கலாமா... இல்ல, நான் ஏன் தயங்கறேன்னா... ஆமா, கதவு திறந்துடுவாங்க, தெரியுது... அமுக்கறதுக்கு என்னன்னு கேட்டா..."

மேலே பார்த்தாள். கீழே பார்த்தாள். தப்பிக்க இனி ஒரு பொய்யும் மிச்சமில்லை.

"அண்ணி. அந்த மூட்டை உங்க வீட்டு மூட்டை."

"......"

"அண்ணி?... லைன்ல இருக்கீங்களா?... அண்ணி, ஏதாவது பேசுங்க. திட்டவாவது செய்யுங்க."

அண்ணி திட்டவில்லை. அதுதான் பயமாக இருந்தது. பழுது பார்க்கிற மேசையில் திறந்து போட்ட பெட்டியிடம் பேசுவது போல, சின்னக் குரலில், ஒவ்வொன்றாகக் கேட்டாள்.

"ம்... நேராத்தான் தொங்கறாரு... முதுகு வளையல... வலிக்கற மாதிரி தெரியல, கையை ஆட்டறாரு... சரி... சரி, எதையும் தொடல. ரெண்டு கையும் எடுத்துட்டேன்... ஏணியா? நிலா மேல ஏணி நிக்காது, வழுக்குது... கையால சுத்தற சக்கரம் கூரை அறையில இருக்கு. சாவி கயிறுக்காரர்கிட்ட. அவர் பொண்ணைப் பள்ளிக்கூடத்துல இருந்து கூட்டிட்டு வரப் போயிருக்காரு... மெஷினையே அணைச்சுட்டுப் போட்டா?... போட்ட உடனே முதல்ல உச்சி வரைக்கும் ஏறி, கூரையைத் தொட்டுட்டுதான் இறங்குமா! வேண்டாம், வேண்டாம். அவருக்கு ஏற்கெனவே முடி கம்மி."

"......"

"சரி, மன்னிச்சுக்குங்க. பயத்துல வாய் உளறுது."

வாசல் பக்கம் ஜனங்களின் சலசலப்பு கேட்கத் தொடங்கியிருந்தது.

"கன்ட்ரோல் எக்ஸ். அது வரிசையில நிக்கறதையெல்லாம் துடைச்சுடுமா?... கண்டிப்பா?... சரி, அமுக்கறேன்... அமுக்கிட்டேன். அண்ணி, ஒரு சின்னப் பெட்டி வந்து நிக்குது. 'வெட்டுவதற்கு எதுவும் தேர்ந்தெடுக்கப்படவில்லை'ன்னு சொல்லுது... ஐயோ, ஆமா! கட் பண்ணச் சொல்றேன்னு நினைச்சு இதுவே வாங்கி வெச்சுக்கிச்சு. எஸ்ஸை அனுப்பிச்சு, இதை மெஷினுக்கு அனுப்பவே இல்ல... தெரியும் அண்ணி, உங்க பெட்டி இப்படி அதிகப்பிரசங்கித்தனம் பண்ணாது. குடுத்ததைக் குடுத்த இடத்துல சேக்கும். தபால்காரர் மாதிரி. ஒத்துக்கறேன், எல்லாத்தையும் ஒத்துக்கறேன், இப்ப சொல்லுங்க!"

"......"

"ம்... மேல வலது ஓரம்... மூணு புள்ளி... இருக்கு. அமுக்கினேன்... கீபோர்டு, ம்... கீழ வரணும்... இன்னும் கீழ... கடைசிக்கு முன்னாடி... 'எல்லாக் கீகளையும் அப்படியே அனுப்பு'. இருக்கு இருக்கு! டிக் போட்டுட்டேன். அடுத்து—... என்ன? அடியில 'அப்ளை' இருக்கும், அதை அமுக்காம வெளிய வந்தா டிக் தானாப் போயிடுமா?... அட ஆமா, போயிடுச்சு! திரும்பப் போடறேன்... டிக்... அப்ளை... வந்துட்டேன்."

ஒரு கை, இயந்திரத்தை இருந்த இடத்திலேயே நிறுத்தும் சிவப்புப் பொத்தானின் மேல். தோளுக்கும் காதுக்கும் நடுவில் போன். மறு கையின் இரண்டு விரல் கீபோர்டில்.

"எக்ஸ்... பெட்டி வரல அண்ணி... ம். இன்னொரு தடவை?... எக்ஸ்... வரல. இப்ப க்யூவா?... சிவப்புப் பொத்தான் மேல கை இருக்கு... அசைஞ்சா உடனே அடிச்சுடறேன்... அண்ணி, நீங்க கண்ணை மூடிக்கிட்டீங்களா?... நானும்தான். இல்ல, நான் மூடக் கூடாது. க்யூ."

திரையில் அடைபட்டிருந்த வரிகள் மடமடவென்று கொட்டின. பொடிசு திரையைப் பார்க்கவில்லை. கயிற்றைப் பார்த்தாள். கயிறு அசையவில்லை. அண்ணன் அசையவில்லை.

"அசையல! அசையல அண்ணி!... நல்லதுதானே அது?... நல்லதுதான்! ம்... ம்... ஒரு தடவை. ஒரே ஒரு தடவை... இறங்கறாரு... நின்னாச்சு. இன்னொண்ணு... இறங்கறாரு. பூப்போல இறங்கறாரு அண்ணி... இன்னும் ஒண்ணு... கால் எட்டுது... ஒண்ணே ஒண்ணு... நிலாவுல கால் வெச்சுட்டாரு!"

போனில் ஒரு நீளமான மூச்சு கேட்டது. பிறகு மூக்கை உறிஞ்சுகிற சத்தம். பொடிசும் முழங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு நாற்காலியில் விழுந்தாள்.

அதோடு அந்த நல்ல நேரம் முடிந்தது.

"சரி... ஆமா... ஆமா... நியாயம்தான்... தரேன் அண்ணி, போனை அவர்கிட்டயே தரேன்."

ஜன்னலைப் பார்த்தாள். போனை உயர்த்திக் காட்டினாள். கவசத்தைக் கழற்றிக் கையில் வைத்திருந்த அண்ணன், வியர்த்த தலையை இடமும் வலமும் பலமாக ஆட்டினான். கும்பிட்டான். நிலாவின் ஒரு பள்ளத்துக்குள் மெதுவாக உட்கார்ந்து மறைந்தான்.

"அவருக்குக் கால் மரத்துப்போச்சாம்... வாய் மரத்துப்போகல, ஆனா... இல்ல, நான் அவருக்கு வக்காலத்து வாங்கல... எத்தனை ஷோவுல தொங்கினாரா?... அண்ணி, பொய் சொல்லி எனக்கு அலுத்துப்போச்சு. எல்லா ஷோவுலயும்... பதிலாள் இருக்கான், பாவம், ஓரமா உக்காந்து பாத்துட்டிருப்பான். கவசம் போட்டா மூஞ்சியே தெரியாதே, யாரு தொங்கினா என்னன்னு கேட்டேன். 'தொங்கறதுலயும் ஒரு நடிப்பு இருக்கு, அது எனக்குத்தான் வரும்'னாரு... சரி... சரி... இனிமே இந்த நாடகமே வேண்டாமா?... வீட்டுக்கும் வர வேண்டாமா?... நானுமா! நான் என்ன பண்ணேன்... ஆமா, தூக்கினது நான்தான்... ஆமா... லேப்டாப்பைத் தூக்கிக் குப்பையில... ஆமா... சரி... ச—"

பொடிசு பாதியில் நிறுத்தினாள். முகத்தில் ஒரு வெளிச்சம் மெதுவாகப் பரவியது.

"அண்ணி, ஒரு நிமிஷம். மூணு புள்ளி வலது ஓரத்துல இருக்கும்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"......"

"நான் சொல்லலையே. நான் திரையில என்ன இருக்குன்னு வாயே திறக்கலையே. 'கடைசிக்கு முன்னாடி'ன்னு நீங்கதான் சொன்னீங்க... எங்கயோ படிச்சீங்களா? அப்ளை பண்ணாட்டி டிக் போயிடும்னு எந்தப் புத்தகத்துல அண்ணி போட்டிருக்கான்? அது டிக் போய்த் தலையில அடிச்சுக்கிட்டவங்களுக்குத்தான் தெரியும்!"

"......"

"வாடிக்கையாளருக்காகப் போட்டுப் பாத்தீங்களா. சரி... ஒரே ஒரு தடவை. சரி... கண்ணு வலிக்குதுன்னு எழுத்தைப் பெருசு பண்ணிப் பாத்தீங்களா? நல்லாத்தானே இருந்துச்சு?... நீங்க ஒரு சங்கம் வெச்சிருக்கீங்களே, மாசா மாசம் கூடி, பழைய கண்ணாடிக் குழாய்த் திரை இல்லாதது டெர்மினலே இல்லேன்னு தீர்மானம் போடறவங்க... ஐயையோ, நான் ஏன் சொல்லப் போறேன்? நான் யாரு, உங்க பொடிசு!"

நிலாப் பள்ளத்திலிருந்து இரண்டு கண்கள் எட்டிப் பார்த்தன.

"ஒப்பந்தம் இல்ல அண்ணி, வேண்டுகோள்தான். அவரைத் திட்டுங்க. நல்லாத் திட்டுங்க. வீட்டுக்குள்ள விட்டுட்டுத் திட்டுங்க. நாடகத்துல பேசட்டும், நடக்கட்டும். தொங்கறதுக்கு நான் பொறுப்பு. சத்தியம் அவருது இல்ல, என்னுது. தூக்கற கீ என் கையிலதானே இருக்கு? பதிலாளைத்தான் தூக்குவேன். இவர் கயிறைப் பிடிச்சுத் தொங்கினாலும் நான் அமுக்க மாட்டேன்... நம்புங்க... இன்னிக்குக் கண்ணால பாத்துட்டேன் அண்ணி... ம்... ம். ரொம்ப தேங்க்ஸ் அண்ணி... உங்க பெட்டியோட கீபோர்டு ஒண்ணு இருந்தா குடுங்க, லேப்டாப்புல மாட்டிக்கறேன். டக்கு டக்கும் வேணும், உருட்டிப் பாக்கவும் வேணும்... சரி, பேராசைதான்."

வாசல் மணி அடித்தது. பதிலாள் விண்வெளி உடையை வாங்கி மாட்டிக்கொள்ள ஓடி வந்துகொண்டிருந்தான். அண்ணன் மனமில்லாமல் ஒவ்வொரு கொக்கியாகக் கழற்றிக் கொடுத்தான்.

"கதவு திறந்தாச்சு, வெச்சுடறேன்... ஆனா ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லுங்க. அந்த ஸாஃப்ட்வேர்ல எழுத்துக்குப் பிடிச்ச கலர் வெச்சுக்கலாமே, நீங்க என்ன வெச்சிருக்கீங்க? பச்சைதானே?... பச்சை இல்லையா?... என்ன அண்ணி முழுங்கறீங்க... மஞ்சளா?... பின்ன?... அண்ணி... ரோஸா?"

லைன் துண்டிக்கப்பட்டுவிட்டது.